சான்று இருந்தால் பாட்டு: சென்னிமலைப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு போட்ட வரலாற்றுக் கவிதை நூல்

பள்ளி ஆண்டு மலர்களில் வரும் வரலாற்றுக் கவிதைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். ராஜராஜன் வருவான், கல்லணை வரும், 'வீரம் விளைந்த மண்' வரும். எழுதியது எந்த ஊர்ப் பிள்ளை என்று கண்டுபிடிக்கவே முடியாது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து 'உடைந்த மணி' என்று ஒரு கவிதை நூல் எழுதி, அச்சிட்டு, வெளியிட்டார்கள். 64 பக்கம். அத்தனையும் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் நடந்த வரலாறு. இந்த வேலை எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று, இதே மாதிரி செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

வரலாற்றுக் கவிதை எழுதவைக்கப் பிள்ளைகளுக்கு முதலில் அணி இலக்கணம் வேண்டாம், கையில் ஒரு சான்று வேண்டும் என்பது என் கருத்து. சான்று கிடைத்த பிள்ளை தானாகவே நல்ல வரி எழுதுகிறது. அது கிடைக்காத பிள்ளைக்கு எவ்வளவு சந்தம் சொல்லிக்கொடுத்தாலும் 'பொன்னான பூமி'யைத் தாண்டுவதில்லை.

ஊரே பாடப்புத்தகம்

எங்கள் பள்ளி அமைந்த இடம் ஒரு கொடுப்பினை. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கி, கல்மணி செய்து வாழ்ந்த ஊர். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திலும் எட்டாம் பத்திலும் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அகழாய்வில் தமிழின் பழைய வடிவமான தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் நிறையக் கிடைத்தன. அந்தப் பக்கம் அரச்சலூர். அங்கே மலைப்பாறையில் தாளச் சொற்களைக் கட்டம் கட்டி வெட்டி, செய்த தேவன் சாத்தன் பெயரையும் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஓடாநிலையில் தீரன் சின்னமலை கோட்டை கட்டினார். 1805-ல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்த குமரன், 1904-ல் பிறந்தது சென்னிமலையில். இவ்வளவும் எங்களுக்குப் பக்கத்திலேயே. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது, கொடுமணலைத் தெரிந்தவர்கள்கூட அதை ஒரு பஸ் ஸ்டாப்பாகத்தான் அறிந்திருந்தார்கள்.

வரலாற்றை ஏன் பாட்டாக எழுத வேண்டும், கட்டுரை போதாதா என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் இந்த நாட்டின் கதைகளை நூறு பாட்டில் கட்டிவைத்திருக்கிறது. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. தன் வாழ்க்கை வரலாற்றை அகவலில்தான் எழுதினார். பஞ்சம் வந்தால் பஞ்சக் கும்மி, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து என்று அச்சடித்துச் சந்தையில் விற்ற காலமும் உண்டு. நம் ஊரில் சேதி நெடுங்காலம் பாட்டில்தான் போயிற்று. இதைச் சொன்னதும் அவர் சேர்ந்துகொண்டார். அவர் வந்திராவிட்டால் இந்த நூலில் பாதி நடந்திருக்காது. ஆண்டு, இடம், பெயர் எல்லாவற்றையும் சரிபார்த்தது அவர்தான்.

சான்றுத் தாள்

முதலில் எழுதச் சொன்னது கவிதை அல்ல, ஒரு தாள். அதில் மூன்று பகுதி. எனக்கு என்ன தெரியும், அது எப்படித் தெரியும், எனக்கு என்ன தெரியவில்லை. பொருளை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது கண்ணால் பார்த்த இடமாகவோ, படத்தில் பார்த்த பொருளாகவோ, நேரில் கேட்ட ஆளின் நினைவாகவோ இருக்க வேண்டும். 'விடுதலைப் போராட்டம்' என்றெல்லாம் எடுக்கக் கூடாது.

மூன்றாவது பகுதிதான் முக்கியம் என்று போகப் போகத் தெரிந்தது. தெரிந்ததை எழுதும்போது பிள்ளைகள் பாடப்புத்தகம் மாதிரி பேசுகிறார்கள். தெரியாததை எழுதும்போது அவர்களுடைய சொந்தக் குரல் வருகிறது. கொடுமணலை எடுத்த ஒரு மாணவி முதலில் எழுதியது இது:

*பொன்மணலே கொடுமணலே*
*புகழ்மணக்கும் தமிழ்நிலமே*

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அவளிடம் அகழாய்வுப் படங்களைக் கொடுத்தோம். அந்த ஊரில் முழு மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. துளை போடாதவை, பாதியில் விட்டவை, உடைந்தவை, செதுக்கிய சில்லுகள் என்று எல்லா நிலையிலும் கிடைத்தன. அங்கேயே பட்டறை இருந்ததற்கு அதுதான் சாட்சி. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்னும் பச்சைக்கல் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவள் தாளின் மூன்றாம் பகுதியில், 'உடைந்ததை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை' என்று எழுதினாள். அடுத்த வாரம் வந்த கவிதை:

*துளை போட்டு முடிக்கும் முன்*
*இரண்டாகப் போன மணி இது.*
*நல்ல மணியெல்லாம்*
*யார் கழுத்துக்குப் போனதோ,*
*எந்தக் கடல் தாண்டியதோ.*
*உடைந்தது மட்டும்*
*எங்கள் ஊரிலேயே இருக்கிறது.*

நூலுக்குத் தலைப்பு இங்கிருந்துதான் வந்தது. வகுப்பே கைதூக்கி முடிவு செய்தது.

பிள்ளைகளை நேரில் கூட்டிப் போவது பற்றி ஒரு வார்த்தை. கொடுமணலுக்குப் போனால் குழியும் தாழியும் பார்க்கலாம் என்று நினைத்து வருவார்கள். தோண்டி முடித்த குழிகளை மூடிவிடுவதுதான் முறை. மேட்டு நிலமும் சோளத்தட்டும்தான் கண்ணில் படும். போவதற்கு முன்னாலேயே படங்களைக் காட்டி, எங்கே எது கிடைத்தது என்று சொல்லிவிட்டால் அந்த வெறும் நிலமே அவர்களுக்குப் பேசும். தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லைக்கூட எடுத்துப் பையில் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓடு பாதிச் சாட்சியை இழந்துவிடும்.

மூன்று மை

சின்னமலையை எடுத்தவன் ஒரு துடிப்பான பையன். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று சொல்' என்று தீர்த்தகிரி (சின்னமலையின் இயற்பெயர்) சொன்ன கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதை நேரில் நின்று பார்த்தவன் போல எழுதியிருந்தான். சமூக அறிவியல் ஆசிரியர் கேட்டார்: "இது ஆவணத்துல இருக்கா, ஊர்ல சொல்றாங்களா?" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம். "எங்க அப்பாரு சொன்னதுங்க சார். அப்ப அது பொய்யுங்களா?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் இந்த நூல் முன்னே போயிருக்காது. பொய் என்று ஒதுக்கினால் அவன் தாத்தாவை ஒதுக்குகிறோம். உண்மை என்று ஏற்றால் 1805 தூக்கும் இந்தக் கதையும் ஒரே தட்டில் ஏறிவிடும். அப்புறம் ஒரு வழி கண்டோம். கைப்படியில் மூன்று மை. ஆவணம், கல்வெட்டு, அகழாய்வு இருந்தால் கறுப்பு. ஊரார் வாய்மொழி என்றால் நீலம். தானே நினைத்துப் பார்த்தது பச்சை. எந்த நிறமும் தாழ்ந்தது இல்லை. நிறத்தை மாற்றி எழுதுவதுதான் தப்பு.

அந்தப் பையன் கதையை விடவில்லை. நீல மையில் எழுதி, 'என்று அப்பாரு சொல்வார்' என்று ஓர் அடி சேர்த்தான். கவிதை பலம் குறையவில்லை, கூடியது. ஒரு தாத்தாவும் பேரனும் உள்ளே வந்துவிட்டார்கள். அச்சில் மூன்று நிறம் போடச் செலவாகும் என்பதால் ஒவ்வொரு கவிதைக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு வைத்தோம்: எது சான்று, எது செவிவழி, எது கற்பனை. நூலைப் படித்தவர்கள் கவிதையை விட அந்தக் குறிப்புகளைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வடிவம்

இதில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. புதுக்கவிதை, கும்மி, அகவல், எது வருகிறதோ அதில் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். கும்மி எங்கள் பிள்ளைகளுக்குக் காலிலேயே இருக்கிறது. வள்ளி கும்மிப் பயிற்சிக்குப் போகிற பெண்பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. வகுப்பில் அடித்து ஆடிக் காட்டிச் சீர் எங்கே இடறுகிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஒரு பயிற்சி மட்டும் எதிர்பார்க்காத அளவுக்குக் கைகொடுத்தது. சதகத்தில் ஒவ்வொரு பாட்டும் 'கொங்கு மண்டலமே' என்று முடியும். அதே முடிப்பில் ஒரு நாலடி எழுதுங்கள், ஆனால் புகழக் கூடாது என்றேன். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருடப் பஞ்சம் சேலம், கோவை மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அதைப் படித்திருந்த ஒரு பெண் எழுதினாள்:

*மழையின்றிப் போன தாது வருடம்*
*மடியில் பிள்ளை, கையில் வெறுஞ்சட்டி,*
*கிழக்கே மேற்கே எனநடந் தோரும்*
*கேட்டால் சொன்னது கொங்கு மண்டலமே.*

அகவலின் ஓசைக்குத் தளை ஒன்றிரண்டு தட்டும். நான் திருத்தவில்லை. பெருமை சொல்லவே பிறந்த ஒரு முடிப்பில் பசியைக் கொண்டுபோய் உட்காரவைத்த பிள்ளைக்கு அதற்கு மேல் நான் என்ன சொல்லித்தர?

யாருடைய வரலாறு

இந்த வேலையில் மிகவும் கடினமான பகுதி இது. எழுதாமல் விட்டால் மற்ற ஆசிரியர்களுக்கு உதவாது.

கவிதை நூல் வருகிறது என்ற சேதி ஊரில் பரவியதும் ஒரு பெற்றோர் பள்ளிக்கு வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். கூட்டம் என்பது எங்கள் பக்கம் சாதிக்குள் உள்ள குலப் பிரிவு. "எங்க கூட்டத்துப் பேரு ஒரு வரியாவது வரட்டுமுங்க. அந்தக் காலத்துல நாங்க செய்யாததுங்களா?" அவர் ஒருவர் மட்டும் இல்லை. கொங்குப் பக்கம் உள்ளூர் வரலாறு என்று ஆரம்பித்தாலே அது குலப்பெருமையாகச் சாயும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு வகுப்பறையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தின் பெயர் நூலில் ஏறினால் மீதிப் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தேடுவார்கள். கிடைக்காது. கிடைக்காததற்குக் காரணம் அவர்களுடைய முன்னோர் ஒன்றும் செய்யவில்லை என்பது அல்ல. எழுதிவைக்க அவர்களுக்கு ஆள் இல்லை. ஆகவே சாதி, குலம், கூட்டம் எதையும் புகழும் வரி நூலில் இராது என்று தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முதலிலேயே எழுத்தில் முடிவு செய்தார்கள். வந்தவரிடம் அந்த முடிவைக் காட்டினோம். வருத்தத்தோடு போனார். ஆனால் மகனை எழுதவேண்டாம் என்று தடுக்கவில்லை.

இந்த விதி பிள்ளைகளை வேறு பக்கம் திருப்பியது. காலிங்கராயன் வாய்க்காலை எடுத்த மாணவன் கொடுமுடிப் பக்கம் அம்மா ஊர் உள்ளவன். பவானி ஆற்றில் தொடங்கிக் காவிரிக்கு இணையாக வளைந்து வளைந்து ஓடும் அந்த வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. இன்றைக்கும் மஞ்சளும் நெல்லும் அதில்தான் விளைகின்றன. பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்ற கதையை நீல மையில் வைத்துக்கொண்டு, கடைசியில் இப்படி முடித்தான்:

*வெட்டச் சொன்னவர் பெயர்*
*வாய்க்காலுக்கு இருக்கிறது.*
*வெட்டியவர் பெயர் என்ன?*
*தண்ணீரைக் கேட்டேன்.*
*நிற்க நேரமில்லை அதற்கு.*

ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி வந்த கவிதைகளில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த அணை அது. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு வந்து தேங்கி, பாசனத்துக்கு ஆகாமல் போய்விட்டது. கரையோரக் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கரையோரத்து மாணவி ஒருத்தி தன் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) கேட்டு எழுதினாள். "முந்தி ஆத்துல குளிப்பீங்களா அம்மிச்சி?" என்று கேட்டிருக்கிறாள். "குளிக்கறதா? குடிக்கறதே அதுதான் கண்ணு" என்றாராம். அவள் கும்மி:

*நொய்ய லாத்துல கல்லெறிஞ்சா – அன்று*
*நூறு மீனுங்க துள்ளிவரும்*
*பையப் பையவந்த சாயத்தண்ணி – அதைப்*
*பாத்து மீனெல்லாம் எங்கபோச்சு?*

அவள் படித்து முடித்ததும் பின்பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "எங்கப்பா சாயப் பட்டறையிலதானுங்க வேலை செஞ்சாரு. அவரு என்னங்க பண்ணுவாரு?" வகுப்பு அமைதியாகிவிட்டது. அவனையே எழுதச் சொன்னேன். வீட்டில் அம்மாவிடம் கேட்டு எழுதிவந்தான். முழுக்க நீல மை.

*பட்டறை பூட்டிய மாதம்*
*நான் தொட்டிலில்.*
*அப்பா கையில் ஒட்டிய நீலம்*
*மெல்ல மெல்லப் போனதாம்.*
*அரிசிப் பானையிலும்*
*அப்படித்தானாம்.*

இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தோம். எது சரி என்று குறிப்பில் எழுதவில்லை. ஆறு செத்ததும் உண்மை, பானை காலியானதும் உண்மை. இரண்டையும் ஒரே விரிப்பில் பார்க்கிற வாய்ப்பைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடப்புத்தகம் எளிதில் தராது. நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த இரண்டு பக்கம்தான்.

அச்சுக்குப் போனபோது

பிள்ளைகளிலேயே ஆறேழு பேர் சேர்ந்த ஆசிரியர் குழு இருந்தது. பிழைதிருத்தம், வரிசை, படம், கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெயர் எங்கே போடுவது என்று ஒரு சண்டை வந்தது. கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டால் போதும் என்றேன். "அரச்சலூர்ப் பாறையில தேவன் சாத்தன் பேரு இருக்குதுங்களே ஐயா" என்றாள் ஒருத்தி. அதற்கு மேல் வாதம் இல்லை. ஒவ்வொரு கவிதைக்கும் கீழே பெயர் வந்தது. கவிதை அவர்களுடையது என்பது சட்டப்படியும் சரி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதியவர்தான் முதல் உரிமையாளர், வயது ஒரு பொருட்டில்லை. ஒரு முறை அச்சிட அனுமதி என்று பெற்றோர் கையெழுத்தோடு தாள் வாங்கினோம். நேர்கண்ட பெரியவர்களிடமும் பெயர் போடலாமா என்று கேட்டோம். சிலர் வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

டெமி அளவு நூலில், ஒன்றாக அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். பக்க எண்ணிக்கை அதன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது என்பதால் நான்கு ஃபாரம், 64 பக்கம் என்று வைத்தோம். சில கவிதைகள் சுருங்கியதும், சில தனிப்பக்கம் பெற்றதும் இந்தக் கணக்கால்தான். பிரதி குறைவு என்றால் ஆஃப்செட் தகட்டுச் செலவு கட்டாது, டிஜிட்டல் அச்சே மேல். உள்ளே மேப்லித்தோ தாள், அட்டைக்கு ஆர்ட் போர்டு, மேலே மேட் லேமினேஷன்.

பெரிய தலைவலி எழுத்துரு. பிள்ளைகள் செல்போனில் யூனிகோடில் தட்டியிருந்தார்கள். கணினியில் பக்கம் அமைத்தவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்பவர்; அது யூனிகோடு அல்ல. மாற்றியபோது மேற்கோள் குறிகளும் கோடுகளும் வேறு எழுத்தாகிவிட்டன. கும்மியில் வரும் '– அன்று' முழுக்கக் குழம்பியது. ஆகவே மாற்றிய பிறகு வருவதைத்தான் மெய்ப்பாகக் கொள்ள வேண்டும்; அதற்கு முன் எத்தனை முறை திருத்தியிருந்தாலும் கணக்கில் வராது. இன்னொன்று, நீண்ட அடி பக்க அகலத்தில் மடங்கும்போது புதிய அடி போலத் தெரியும். மடங்கிய பகுதியை உள்தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கவிதை நூலில் இது சின்ன விஷயமே இல்லை.

நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கக் காசு வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பள்ளிக்குள் மட்டும் கொடுக்கும் நூலுக்கு அது கட்டாயம் இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கினோம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் உறையில் 'கன்னிமாரா' என்று முகவரி எழுதிய பையன் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டான்.

வெளிவந்த பிறகு

வெளியீடு பள்ளி மைதானத்தில், ஒரு சனிக்கிழமை. பேச்சாளர் யாரும் இல்லை. நேர்காணல் கொடுத்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார, பிள்ளைகள் படித்தார்கள், கும்மி அடித்தார்கள். இது நல்ல முடிவு. வெளியூர்ப் பேச்சாளர் வந்திருந்தால் நேரம் அவருக்குப் போயிருக்கும்.

முதல் திருத்தம் அந்த மைதானத்திலேயே வந்தது. மாடு கட்டிக் கவலை ஓட்டிய காலத்தைப் பற்றி ஒருவன் எழுதியிருந்தான். மாட்டை இழுக்கவைத்துக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பதுதான் கவலை, தண்ணீர் முகந்து வரும் பெரிய கலம் சால். 'மாடு மேடேற, சால் நிறைந்து மேலே வரும்' என்பது அடி. ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "கண்ணு, பாட்டு நல்லாருக்குது. ஆனா மாடு சரிவுல எறங்கறப்பத்தான் சால் மேல வரும். மேடேறுனா சால் கெணத்துக்குள்ள போயிரும்." கவலை ஓடி அவன் பார்த்ததில்லை. மோட்டார் போட்ட கிணற்றைப் பார்த்து வளர்ந்தவன். அன்று மாலையே அவரோடு அவர் தோட்டத்துப் பழைய கிணற்றடிக்குப் போய், சரிவில் நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

மீதிப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். 'மாடு இறங்க, தண்ணீர் ஏறும்' என்று அடி மாறியது. பழைய அடியை விட இது எவ்வளவோ மேல் என்று வகுப்பில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குறிப்பில் கறுப்பு, நீலம், பச்சை எது என்று கேட்டபோது அவன் நீலம் என்றான், சொன்னவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் சேர்த்தான். இரண்டாம் அச்சுக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு கிணறுகளை எடுத்துக்கொண்டிருக்கிறது; சான்றுத் தாள்கள் வர ஆரம்பித்துவிட்டன.